பட்டனை அழுத்தியும் பதில் இல்லை: கார் கிளைமேட் கன்ட்ரோல் கோளாறை அறிகுறி வழியாகக் கண்டுபிடிப்பது

காருக்குள் குளிர், வெப்பம், காற்று வேகத்தைக் கட்டுப்படுத்தும் கிளைமேட் கன்ட்ரோல் வேலை செய்யவில்லை என்றதும் முதல் பழி டேஷ்போர்டில் இருக்கும் பேனல் மீதுதான் விழுகிறது. பேனலை மாற்றிய பிறகும் கோளாறு அப்படியே இருப்பது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் வீண்செலவு. சந்தேகப் பட்டியலில் பேனலுக்குக் கடைசி இடம் கொடுங்கள்.

காரணம் எளிது. ஆட்டோமேட்டிக் வகையில் பட்டன் எதையும் நேரடியாக இயக்குவதில்லை. அது கன்ட்ரோல் யூனிட்டிடம் வைக்கும் ஒரு கோரிக்கை மட்டுமே. யூனிட் சென்சார்களைப் பார்க்கும், பேட்டரி அளவைப் பார்க்கும், ஏசி கேஸை அழுத்தும் கம்ப்ரசரைப் போட இன்ஜின் கம்ப்யூட்டரிடம் அனுமதி கேட்கும். எல்லாம் சரியாக இருந்தால்தான் காற்றைத் தள்ளும் புளோயருக்கும், காற்று வழிக் கதவுகளை அசைக்கும் சிறு மோட்டார்களான ஆக்சுவேட்டர்களுக்கும் உத்தரவு போகும். ஆகவே கோரிக்கை போய்ச் சேராமல் இருக்கலாம். சேர்ந்தும் இயங்க வேண்டிய பாகம் செத்திருக்கலாம். எல்லாம் நன்றாக இருந்தும் வண்டியைக் காப்பாற்ற யூனிட்டே மறுத்திருக்கலாம். ஓட்டுபவருக்கு மூன்றும் ஒன்று போலத்தான் தெரியும். அவற்றைப் பிரித்தறிவதுதான் பாதி வேலை.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், பல்பு வைத்த 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப், 10 மிமீ ஸ்பேனர், டிஷ்யூ பேப்பர், வண்டியின் ஒயரிங் படம், பாடி மாடியூல்களையும் (இன்ஜின் அல்லாத மற்ற கன்ட்ரோல் யூனிட்டுகள்) படிக்கக்கூடிய ஸ்கேனர். இன்ஜின் கோளாறு எண்களை மட்டும் காட்டும் சாதாரண ரீடர் இங்கே பாதிக் கதையைத்தான் சொல்லும்.

டேஷ்போர்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் தென்பட்டால் அது பெரும்பாலும் ஏர்பேக்கைச் சேர்ந்தது. மீட்டர் முனையை அதில் வைக்கவே கூடாது. ஹைப்ரிட், எலக்ட்ரிக் வண்டிகளில் ஏசி கம்ப்ரசருக்குப் போகும் ஆரஞ்சு கேபிளில் சில நூறு வோல்ட் இருக்கும். அந்தப் பக்கத்தைப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

பேட்டரியை அளந்து பாருங்கள். இன்ஜின் ஓடாமல் சில மணி நேரம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. வோல்டேஜ் இறங்கினால் பல வண்டிகள் முதலில் நிறுத்துவது புளோயரையும் சீட் ஹீட்டரையும்தான். பேனல் எரியும், பட்டன் ஒளிரும், காற்று மட்டும் வராது. இதைப் பேனல் கோளாறு என்று நம்பிப் பிரித்துப் போடுவது மிகச் சுலபம்.

அடுத்து ரீசெட். பேட்டரி இறங்கிப் போன பிறகோ, ஜம்ப் ஸ்டார்ட் செய்த பிறகோ, பேட்டரி மாற்றிய பிறகோ கோளாறு தொடங்கியிருந்தால் இதிலேயே சரியாகும் வாய்ப்பு அதிகம்.

1. கோளாறு எண்கள் இருந்தால் ரீசெட்டுக்கு முன்பே ஸ்கேனரில் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தை எடுத்தால் சில வண்டிகளில் அந்தத் தடயம் அழிந்துவிடும்.
2. இக்னிஷனை நிறுத்தி, சாவியை எடுத்து, மாடியூல்கள் தூங்கப் போகச் சில நிமிடம் விடுங்கள்.
3. கிளைமேட் கன்ட்ரோலுக்கான ஃபியூஸைப் பிடுங்குங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் அனைத்தையும். எது என்று தெரியாவிட்டால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி 15 நிமிடம் விடுங்கள்.
4. திரும்பப் பொருத்தி இக்னிஷனை ஆன் செய்யுங்கள். பேனலில் எதையும் தொடாமல் ஒன்று, இரண்டு நிமிடம் காத்திருங்கள்.

நான்காவது படியில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். அந்த நேரத்தில் ஆக்சுவேட்டர்கள் ஒவ்வொன்றும் தன் கதவை இரண்டு எல்லைக்கும் ஓட்டி, தொடக்கமும் முடிவும் எங்கே என்று மறுபடி கற்றுக்கொள்கின்றன. நடுவில் பட்டனை அழுத்தினால் அந்தக் கணக்கு குழம்பிவிடலாம். எல்லா வண்டிகளும் தாமாகவே இதைச் செய்வதில்லை. சிலவற்றில் ஸ்கேனர் வழியாகத்தான் காலிபரேஷனைத் தொடங்க முடியும்.

பேனல் முழுக்க இருட்டாக இருக்கிறது

பேனலுக்குப் பொதுவாக மூன்று இணைப்புகள் உயிர்நாடி: பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் மின்சாரம், இக்னிஷன் போட்டால் மட்டும் வரும் மின்சாரம், எர்த். முதல் இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு ஃபியூஸ் வழியாக வருகின்றன. சில வண்டிகளில் அந்த ஃபியூஸ்கள் வேறு வேறு பெட்டிகளிலும் இருக்கும். ஒன்று நன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு ஃபியூஸ் எல்லாம் சரி என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நம்ப வேண்டாம். அதன் முதுகில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் தெரியும். இக்னிஷன் ஆன் நிலையில் இரண்டிலும் டெஸ்ட் லாம்ப் எரிய வேண்டும். ஒன்றில் மட்டும் எரிந்தால் ஃபியூஸ் போயிருக்கிறது. இரண்டிலும் எரியாவிட்டால் ஃபியூஸுக்கு முன்பாகவே மின்சாரம் நின்றுவிட்டது.

புது ஃபியூஸும் உடனே போனால் பெரிய அளவு ஃபியூஸைச் சொருகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அடுத்து எரியப் போவது ஒயர். அந்த லைனில் இருக்கும் பாகங்களின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றியதும் ஃபியூஸ் நிற்கிறதோ, ஷார்ட் அந்தக் கிளையில் இருக்கிறது.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் பேனலின் பின் கனெக்டருக்குப் போக வேண்டும். இங்கே மல்டிமீட்டர் ஏமாற்றும். ஒயரில் ஒரே ஒரு செம்பு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் அது மின்னோட்டம் எதையும் இழுப்பதில்லை. ஃபியூஸ் வழியாக வரும் மின் ஒயரிலும் எர்த்திலும் டெஸ்ட் லாம்பை வைத்துப் பாருங்கள். பல்பு பிரகாசமாக எரிந்தால் ஒயர் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. இந்தச் சோதனை ஃபியூஸ் ஒயருக்கும் எர்த்துக்கும் மட்டும்தான். சென்சார் ஒயரிலும் தகவல் ஒயரிலும் பல்பு வைத்தால் மாடியூல் கெடலாம். மூன்று இணைப்பும் பல்பை நன்றாக எரிய வைத்து, பேனல் மட்டும் இருட்டாகவே இருந்தால் அப்போதுதான் குற்றவாளி பேனல்.

வெளிச்சம் இருக்கிறது, பட்டன்கள் கேட்பதில்லை

ஒன்றிரண்டு பட்டன்கள் மட்டும் செத்திருந்தால் பேனலுக்குள் ஏதோ சிந்தியிருக்கலாம். இனிப்பான பானம் உள்ளே காய்ந்தால் பட்டனுக்கு அடியில் பிசினாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு பட்டன் அழுத்திய நிலையிலேயே ஒட்டிக்கொண்டால் மற்ற பட்டன்களின் கட்டளைகளையும் யூனிட் புறக்கணிக்கலாம். பேனலைக் கழற்றி, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் போர்டைத் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு பொருத்திப் பார்ப்பது நியாயமான முயற்சி.

எல்லா பட்டன்களும் கேட்காவிட்டால் பிரச்சினை பேச்சுவார்த்தையில் இருக்கிறது. பல வண்டிகளில் பேனல் வேறு, கன்ட்ரோல் யூனிட் வேறு. இரண்டும் கேன் அல்லது லின் எனப்படும் தகவல் ஒயர் லைனில் பேசிக்கொள்கின்றன. ஸ்கேனரில் யு0164 வந்தால் கிளைமேட் கன்ட்ரோல் மாடியூலுடன் தொடர்பு அறுந்தது என்று பொருள். இந்த எண்ணைச் சொல்வது பாதிக்கப்பட்ட மாடியூல் அல்ல, அதன் குரல் கேட்காத இன்னொரு மாடியூல். ஆகவே முதலில் அந்த யூனிட்டுக்கு மின்சாரமும் எர்த்தும் போகிறதா என்று பாருங்கள். செத்த மாடியூலால் பேச முடியாது. அதை ஒயரிங் கோளாறு என்று தேடிக்கொண்டிருப்பது வீண்.

வேகமான கேன் லைன் என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு ஒயர்களுக்கும் இடையே ஓம் அளவு எடுங்கள். இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் சரியான லைனில் சுமார் 60 வரும். 120 வந்தால் ஒரு பக்கம் எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்ஜியத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயரும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. லின் என்பது ஒற்றை ஒயர். பேச்சு இல்லாத நேரத்தில் அதில் கிட்டத்தட்ட பேட்டரி வோல்டேஜ் நிற்கும். அது நிரந்தரமாகப் பூஜ்ஜியத்தில் இருந்தால் அந்த லைனில் உள்ள ஆக்சுவேட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஒரே ஒரு கெட்ட ஆக்சுவேட்டர் முழு லைனையும் கீழே இழுத்து, நல்லவை அத்தனையையும் ஊமையாக்கிவிடும்.

புளோயர் சுற்றவில்லை, அல்லது ஒரே வேகத்தில் சுற்றுகிறது

கோளாறு அல்லாத ஒன்றை முதலில் விலக்கிவிடுவோம். குளிர்ந்த இன்ஜினில் ஆட்டோவைப் போட்டு வெப்பம் கேட்டால், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஓரளவு சூடாகும்வரை யூனிட் வேண்டுமென்றே புளோயரை நிறுத்தியோ மெதுவாகவோ வைத்திருக்கும். காலில் குளிர்காற்று அடிக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. வேகத்தைக் கையால் கூட்டிப் பாருங்கள். காற்று வந்தால் கோளாறு இல்லை.

கையால் கூட்டியும் வராவிட்டால் புளோயரின் ஃபியூஸைப் பாருங்கள். பேனலுடையது சில ஆம்பியர்தான். புளோயருடையது பல வண்டிகளில் 30 அல்லது 40 ஆம்பியர். பிறகு ரிலே, அதாவது மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சிறு சுவிட்ச். அதே எண் கொண்ட இன்னொரு ரிலே பெட்டியில் இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்ப்பதே விரைவான சோதனை.

அடுத்து மோட்டார் கனெக்டர். பெரும்பாலும் முன் சீட்டின் பயணி பக்கம், கால் வைக்கும் இடத்துக்கு மேலே இருக்கும். வேகத்தை உச்சத்தில் வைத்து, கனெக்டரைக் கழற்றாமலே மோட்டாரின் இரு முனைகளுக்கும் இடையே அளங்கள். 12 வோல்ட் அளவுக்கு இருந்தும் சுற்றவில்லை என்றால் மோட்டார் போய்விட்டது. உறையை லேசாகத் தட்டியதும் சுற்றத் தொடங்கினால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. அது தற்காலிக உயிர்தான், மோட்டாரை மாற்ற வேண்டியதே. வோல்டேஜே வராவிட்டால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகத்துக்குப் போங்கள்.

கையால் சுழற்றும் பழைய வகை சுவிட்ச் உள்ள வண்டிகளில் அது ரெசிஸ்டர். உச்ச வேகத்தில் மட்டும் சுற்றி மற்ற வேகங்கள் செத்திருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம், ரெசிஸ்டர்தான். உச்ச வேகம் அதைத் தொடாமல் போகிறது. ஆட்டோமேட்டிக் வகையில் இருப்பது டிரான்சிஸ்டர் வைத்த பவர் மாடியூல். அது ஷார்ட் ஆனால் இக்னிஷன் போட்டதுமே புளோயர் முழு வேகத்தில் ஓடும், சில வண்டிகளில் நிறுத்திய பிறகும் ஓடும்.

ரெசிஸ்டரோ மாடியூலோ ஒருமுறை போனால் அதோடு விட்டுவிடாதீர்கள். அது ஏன் போனது என்று பார்க்காமல் புதிதைப் போட்டால் அதுவும் போகும். இந்தப் பாகம் புளோயர் தள்ளும் காற்றிலேயே குளிரும்படி அமைந்தது. கேபின் ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும், பாகம் சூட்டில் வேகும். மோட்டாரின் பேரிங் இறுகினால் மின்னோட்டம் ஏறும். கனெக்டர் முனை தளர்ந்தால் அதுவே அடுப்பு: 20 ஆம்பியர் ஓடும் இடத்தில் 0.1 ஓம் தடை இருந்தாலே 40 வாட் வெப்பம் அந்தச் சிறு முனையில் உண்டாகும். பிளாஸ்டிக் உருகியோ முனை பழுப்பாகியோ இருந்தால் பாகத்தோடு கனெக்டரையும் மாற்றுங்கள். கூடவே டிசி கிளாம்ப் மீட்டர் வைத்து மோட்டார் இழுக்கும் ஆம்பியரை வண்டியின் கையேட்டு அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாடியூலில் பச்சைத் துரு கண்டால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. முன்கண்ணாடிக்குக் கீழே இலைகள் சேர்ந்து வடிகால் அடைத்திருக்கும்.

எண் மாறுகிறது, காற்றின் சூடு மாறவில்லை

18 வைத்தாலும் 28 வைத்தாலும் ஒரே காற்று, அல்லது ஓட்டுநர் பக்கம் குளிர், மறுபக்கம் வெக்கை. இங்கே நாயகன் சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் கலவைக் கதவை அசைக்கும் ஆக்சுவேட்டர். இக்னிஷன் போட்ட சில நொடிகளில் டேஷ்போர்டுக்குள் டக் டக் டக் என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருக்கிறது.

புது ஆக்சுவேட்டரை வாங்கும் முன் பழையதைக் கழற்றி, கதவின் அச்சைக் கையால் திருப்பிப் பாருங்கள். ஒரு எல்லையிலிருந்து மறு எல்லைவரை சிக்கலின்றிப் போக வேண்டும். பாதியில் முட்டினால் கண்ணாடி ஓரத் துவாரம் வழியாக விழுந்த பேனாவோ, பிய்ந்த ஸ்பாஞ்சோ உள்ளே இருக்கலாம். அதை எடுக்காமல் புதிதைப் போட்டால் அதன் பல்லும் உடையும். அச்சு எந்தத் தடையுமின்றிச் சுற்றிக்கொண்டே இருந்தால் கதவே உடைந்துவிட்டது. அது டேஷ்போர்டையே இறக்க வேண்டிய பெரிய வேலை.

ஐந்து ஒயர் உள்ள ஆக்சுவேட்டரில் இரண்டு மோட்டாருக்கு, மூன்று இருப்பிடம் சொல்லும் பொட்டன்ஷியோமீட்டருக்கு. அந்த மூன்றில் ஒன்று 5 வோல்ட், ஒன்று எர்த், ஒன்று சிக்னல். கதவு அசையும்போது சிக்னல் சீராக ஏறி இறங்க வேண்டும். நடுவில் குதித்தால் உள்ளே தடம் தேய்ந்திருக்கிறது. 5 வோல்ட்டே வராவிட்டால் யூனிட்டைக் குறை சொல்லும் முன் அதே 5 வோல்ட்டைப் பகிரும் மற்ற சென்சார்களைக் கழற்றிப் பாருங்கள். ஒன்று ஷார்ட் ஆனால் எல்லாமே விழும்.

குளிர் சரியாக வந்து வெப்பம் மட்டும் வராவிட்டால் கதவைத் தொடும் முன் கூலன்டைப் பாருங்கள். ஆறிய இன்ஜினில் மட்டுமே மூடியைத் திறங்கள். இன்ஜின் சூடானதும் ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் எச்சரிக்கையாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடு என்றால் கோளாறு கதவுப் பக்கம். ஒன்று சூடு, மற்றது குளிர்ச்சி என்றால் ஹீட்டர் கோர் (கூலன்டின் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கும் சிறு ரேடியேட்டர்) அடைப்பு அல்லது வால்வு மூடியிருக்கிறது. இரண்டும் வெதுவெதுப்பு என்றால் கூலன்ட் குறைவு, காற்று அடைப்பு, அல்லது கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தே நிற்கிறது. கூலன்ட் போதிய அளவு சூடாகவில்லை என்று சொல்லும் பி0128 எண்ணும் சேர்ந்து வந்தால் கூலன்ட் அளவையும் தெர்மோஸ்டாட்டையும் முதலில் பாருங்கள்.

ஏசி விளக்கு எரிகிறது, கம்ப்ரசர் இயங்கவில்லை

யூனிட் வேண்டுமென்றே மறுக்கும் சந்தர்ப்பங்கள் அதிகம் இருப்பது இங்கேதான். கேஸ் குறைந்தால் கம்ப்ரசரைப் போடாது, ஏனென்றால் கம்ப்ரசருக்கு எண்ணெய் போய்ச் சேருவதே கேஸோடு சேர்ந்துதான். இன்ஜின் அதிகமாகச் சூடானால் போடாது. வெளிவெப்ப சென்சாரின் ஒயர் அறுந்தால் யூனிட் மைனஸ் 40 டிகிரி என்று நினைத்துக்கொண்டு போடாது. ஆகவே டிஸ்பிளேயில் வெளிவெப்பம் நம்பும்படி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்தச் சோதனைக்கு ஒரு நொடி போதும். பம்பரில் அடிபட்ட வண்டிகளில் இந்த சென்சார் போயிருப்பது சகஜம்.

பிறகு கேஸ் அழுத்தம். ஸ்கேனரில் பிரஷர் சென்சாரின் அளவு தெரிந்தால் கேஜ் மாட்ட வேண்டிய அவசியமே இல்லை. இன்ஜின் ஆறி வண்டி நின்ற நிலையில் ஆர்-134ஏ கேஸ் 25 டிகிரியில் சுமார் 80 பிஎஸ்ஐ, 30 டிகிரியில் 95 முதல் 100 பிஎஸ்ஐ காட்டும். இதைவிட வெகுவாகக் குறைவு என்றால் கசிவு உறுதி. இந்த அளவு சரியாக இருந்தாலும் கேஸ் முழுதாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கும்வரை அழுத்தம் வெப்பநிலையை மட்டுமே பின்பற்றும். எவ்வளவு இருக்கிறது என்பதை வெளியே எடுத்து எடைபோட்டால்தான் தெரியும். பி0532, பி0533 ஆகியவை பிரஷர் சென்சாரின் சிக்னல் மிகக் குறைவு, மிக அதிகம் என்பவை. கேஸில் கை வைக்கும் முன் அந்த ஒயரையும் கனெக்டரையும் பாருங்கள்.

அழுத்தம் சரியாக இருந்தால், கம்ப்ரசரைப் புல்லியோடு இணைக்கும் காந்தக் கிளட்ச்சின் ரிலேயை மாற்றிப் போடுங்கள். ஏசி கேட்கும்போது கிளட்ச் கனெக்டரில் 12 வோல்ட் வந்தும் கிளட்ச் பிடிக்கவில்லையா? இன்ஜினை நிறுத்திவிட்டுக் காயிலின் ஓம் அளவை எடுங்கள். பெரும்பாலான காயில்கள் 3 முதல் 5 ஓம். முடிவில்லாத தடை காட்டினால் காயில் அறுந்திருக்கிறது. காயிலும் நன்றாக இருந்தால் தட்டுக்கும் புல்லிக்கும் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளங்கள். பல கம்ப்ரசர்களில் அது அரை மிமீயை ஒட்டி இருக்கும். தேய்ந்து அகலமானால் காந்தத்தால் தட்டை இழுக்க முடியாது.

கிளட்ச்சே இல்லாத கம்ப்ரசர்களும் உண்டு. அவற்றில் புல்லி எப்போதும் சுற்றும். உள்ளிருக்கும் கன்ட்ரோல் வால்வுதான் அளவைக் கூட்டிக் குறைக்கும். கிளட்ச் பிடிக்கும் சத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். வால்வின் கட்டளை ஏறியும் அழுத்தம் அசையாமல் இருக்கிறதா என்று ஸ்கேனரில் பாருங்கள்.

கேஸ் நிரப்புவதென்றால் பானட் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள கிராம் அளவுப்படி எடைபோட்டு மட்டுமே. கசிவைச் சரிசெய்து, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி வேக்யூம் இழுத்து, அரை மணி நேரமாவது அது நிற்கிறதா என்று பார்த்த பிறகு நிரப்புங்கள். பழைய கேஸைக் காற்றில் விடாமல் மீட்பு மெஷினில் எடுக்க வேண்டும். கசிவை அடைக்கும் திரவங்களைப் பரிந்துரைக்க முடியாது. அவை வால்வையும் மெஷினையும் அடைத்துவிடுகின்றன.

ஓடிக்கொண்டிருந்தது, சற்று நேரத்தில் நின்றுவிட்டது

எது நின்றது என்று கவனியுங்கள். புளோயர் சத்தம் அப்படியே இருந்து காற்று மட்டும் மெலிந்தால் காற்றைக் குளிர்விக்கும் எவாபரேட்டரில் பனி உறைகிறது. ஏசியை அணைத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் காற்று திரும்பி வந்து, காருக்கு அடியில் வழக்கத்தைவிட அதிகம் தண்ணீர் கொட்டினால் சந்தேகமே வேண்டாம். எவாபரேட்டர் சென்சார், அடைத்த ஃபில்டர், குறைந்த கேஸ் மூன்றையும் பாருங்கள்.

காற்று நன்றாக வந்து குளிர் மட்டும் போனால், சூட்டில் பிடியை விடும் கிளட்ச்சை நினையுங்கள். காயில் சூடானால் அதன் தடை ஏறும், காந்தம் பலவீனமாகும், அகன்ற இடைவெளியைத் தாண்ட முடியாது. காலையில் நன்றாக இருந்து நண்பகல் நெரிசலில் கைவிடுவது இதன் குணம். நிற்கும்போது மட்டும் குளிர் போய், ஓடும்போது திரும்பினால் சூடான ஏசி கேஸை ஆற்றும் கண்டென்சரின் ஃபேனைப் பாருங்கள்.

ஆட்டோவில் மட்டும் தாறுமாறு

கையால் இயக்கினால் எல்லாம் சரி, ஆட்டோவில் மட்டும் புளோயர் வெறிபிடித்தது போல் ஓடுகிறது அல்லது எழவே மறுக்கிறது. யூனிட்டுக்குப் பொய்த் தகவல் போகிறது. டேஷ்போர்டில் சிறு துளைகள் உள்ள மூடிக்குப் பின்னால் கேபின் வெப்ப சென்சார் இருக்கும். இக்னிஷன் ஆன் நிலையில், புளோயரையும் ஓடவிட்டு, ஒரு துண்டு டிஷ்யூவை அதன் மேல் வைத்துப் பாருங்கள். காற்றை உறிஞ்சும் வகை என்றால் காகிதம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாவிட்டால் தூசி அடைத்திருக்கிறது, அல்லது உறிஞ்சும் சிறு ஃபேனோ குழாயோ போயிருக்கிறது. அப்போது சென்சார் அளப்பது அறையின் வெப்பத்தை அல்ல, டேஷ்போர்டின் வெப்பத்தை.

இந்த சென்சார்களில் பெரும்பாலானவை வெப்பம் ஏறினால் தடை குறையும் வகை. ஹேர் டிரையரை மிதமான சூட்டில் காட்டி, ஓம் அளவு சீராக இறங்குகிறதா என்று பாருங்கள்.

பல டொயோட்டா வண்டிகளில் ஸ்கேனர் இல்லாமலே பேனலைக் கேட்கலாம். ஆட்டோ பட்டனையும் உள்காற்றுச் சுழற்சி பட்டனையும் சேர்த்து அழுத்தியபடி இக்னிஷனை ஆன் செய்தால் விளக்குகள் சிமிட்டிய பின் எண்கள் வரும். 11 கேபின் சென்சார், 12 வெளிவெப்ப சென்சார், 13 எவாபரேட்டர் சென்சார், 21 வெயில் சென்சார். இருட்டான ஷெட்டுக்குள் பார்த்தால் வெயில் சென்சார் நன்றாக இருந்தாலும் 21 வரும். வண்டியை வெயிலில் நிறுத்திப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பேனலைத்தான் மாற்ற வேண்டும் என்று முடிவானால்

பாக எண் கடைசி எழுத்துவரை பொருந்த வேண்டும். தோற்றம் ஒன்றாக இருந்தும் இரட்டை மண்டலம், சீட் ஹீட்டர், பின் ஏசி போன்றவற்றுக்கேற்ப உள்ளே மென்பொருள் மாறும். பேட்டரியைக் கழற்றிய பிறகே கனெக்டரை மாற்றுங்கள். புதிய வண்டிகளில் ஸ்கேனரால் அந்த வண்டிக்கேற்பக் கோடிங் செய்யாவிட்டால் நல்ல பேனலும் செத்தது போலவே நடந்துகொள்ளும். பொருத்தி, கோடிங் செய்து, ஆக்சுவேட்டர் காலிபரேஷனை முடித்த பிறகு கோளாறு எண்களை அழித்து, இன்ஜினை ஓட விட்டு மீண்டும் ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். பழைய எண் திரும்ப வந்தால் அது பேனலுக்கு வெளியே உள்ள ஒயரையோ பாகத்தையோ காட்டுகிறது.